வசந்தி அக்காவின் பதினான்கு புகார்கள்

1

போன செவ்வாய்க்கிழமை அலுவலகக் கூட்டத்தில் கத்திவிட்டேன். நான் பினாங்குக்கு வந்து பதினோரு வருடம் நிறைந்த வாரம் அது. இத்தனை வருடமும் ‘ஓகே’, ‘கேன்’, ‘நோ ப்ராப்ளம்’ என்ற மூன்றை வைத்தே பிழைப்பை ஓட்டியவள் திடீரென்று மேசையைத் தட்டினால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? கண்ணாடிக் கதவுக்கு வெளியே காபிக் கோப்பையோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். “பொழைக்கப் போன எடத்துல வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதாடி?” என்றார். சும்மா இருந்ததால் வந்த வினைதான் இது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு ஜார்ஜ் டவுனில். காலையில் ஃபெர்ரி பிடித்து பட்டர்வொர்த்தில் இறங்கினால் கம்பெனி வேன் நிற்கும். அங்கிருந்து புக்கிட் தெங்கா. மருத்துவக் கருவிகளுக்குள் வைக்கும் மின்னணுப் பலகைகளைச் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. யார் எந்த ஷிஃப்ட், எந்தப் பலகை தேறியது, யார் மேல் என்ன புகார் என்பதையெல்லாம் பதிந்து வைக்கும் மென்பொருளைக் கவனிக்கும் குழுவில் நான் இருக்கிறேன்.

வேனில் என் பக்கத்து இருக்கை வசந்தி அக்காவுடையது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு நடுவே ‘லா’ சேர்ப்பவர். பத்தொன்பது வருடமாக அதே தொழிற்சாலையில் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. நான் வந்த புதிதில் என் மலாயைத் திருத்தியதும் அவர்தான். வயதில் மூத்த ஒரு அம்மாவை நான் ‘ஆவாக்’ என்று கூப்பிட்டுவிட்டேன். நம் ஊரில் பெரியவர்களை ‘நீ’ என்று கூப்பிடுகிற மாதிரி. வசந்தி அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, “காக்னு சொல்லும்மா. அக்கான்னு அர்த்தம். இல்லாட்டி உன்னைய வளர்த்தவங்களத்தான் திட்டுவாங்க” என்றார். அந்தக் கிள்ளலுக்குப் பிறகு நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

2

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை அவர் வேனில் ஏறியதும் கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் மடியில் வைத்தார்.

“சுராட் வந்துருச்சு மலரு. படிச்சுப் பாரு.”

விளக்கம் கேட்டு வந்த கடிதம். போன மாதத்தில் மட்டும் அவர் மேல் பதினான்கு புகார். மொத்த வரிசையிலும் அதுதான் அதிகம். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் எழுதித் தர வேண்டும். ஒரு ஷிஃப்டை மூடப்போகிறார்கள் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. யாரை முதலில் அனுப்புவார்கள் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இந்த வயதில் வெளியே போனால் வேறு எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது.

“பதினாலுல ஒன்னு நான்தான். கையுறை போடாம பலகைய தொட்டேன். சூப்பர்வைசர் பாத்துட்டாரு, எழுதுனாரு, சரி. மத்த பதிமூனும் நான் பண்ணல. இங்க பாரு, இந்த ரெண்டும் தைப்பூசத்தன்னிக்கு. தைப்பூசத்தன்னிக்கு நான் எப்படிலா வேலைல இருப்பேன்? விடியக்காலம் இருந்து தண்ணீர்ப் பந்தல்ல மோர் கலக்கிக்கிட்டு இருந்தேன். கேட்டுப் பாரு, எத்தன பேரு என்கிட்ட வாங்கிக் குடிச்சாங்க!”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது.

“சிஸ்டத்துல இருக்கே அக்கா” என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? “லீவ மாத்தி எழுதிக் குடுத்துருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க” என்று வேறு சேர்த்தேன். வருடம் தவறாமல் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறவரிடம், தைப்பூசத்தன்று நீ எங்கே இருந்தாய் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

3

அந்த வாரம் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா அது. பாஸ்போர்ட்டின் வெற்றுப் பக்கங்கள் உட்பட அத்தனையும் நகல் எடுக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தின் நகலில் அதிகாரிகள் என்னத்தைத் தேடுகிறார்கள் என்று பதினோரு வருடமாக எனக்கு விளங்கவில்லை. சென்ற முறை கொடுத்த சான்றிதழ்களையே திரும்பக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் கம்பெனியின் மனிதவளத் துறையிலிருந்து ஒரு கடிதம். அதில் கையெழுத்துப் போடுகிறவர் குணா.

குணா இந்த ஊர்த் தமிழர். நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன், இப்போதும் முழுக்க மறுக்க மாட்டேன். தீபாவளிக்கு எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவருவார். என் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவரிடம் வசந்தி அக்காவின் பேச்சை எடுத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “சொன்னா வருத்தப்படுவீங்க மலர். நம்ம ஆளுங்களே அப்படித்தான். கவனம் பத்தாது. நான் ஒவ்வொரு ஃபைலா பாக்குறவன். சரோஜா ஒம்போது, திலகா பதினொன்னு, உமா பதிமூனு, இப்ப வசந்தி பதினாலு. எல்லாம் நம்ம பொம்பளைங்கதான். நான் எவ்வளவுதான் லா முட்டு குடுக்கறது?”

நான் தலையாட்டினேன். என் அனுமதிக் கடிதம் அவர் கையில் இருந்ததால் ஆட்டினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதுவும் பொய். நம்பித்தான் ஆட்டினேன். நம்பியதற்குச் சாட்சி, அன்று சாயங்காலம் நான் வீட்டில் பேசிய பேச்சு.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்: “இந்த ஊர்த் தமிழங்களுக்கே வேலைல ஒரு அலட்சியம் இருக்குங்க.”

என் மகள் கயலுக்குப் பதினைந்து வயது. நான்கு வயதில் இங்கே வந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் இடையில் மலாய் வந்து விழும். தமிழ் வருவது அதிசயம். அன்று வந்தது.

“நானும் இந்த ஊர்தான்மா” என்றாள். “எனக்கும் அலட்சியம் இருக்கா?”

“உன்னைய சொல்லலடி. நீ நம்ம ஊரு.”

“எந்த ஊரு? நான் அங்க மூனு தடவதான் போயிருக்கேன். அங்க போனா என்னைய மலேசியாப் பொண்ணுன்னு சொல்றாங்க. இங்க ஸ்கூல்ல என்னைய இந்தியாக்காரின்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணேன்னு யாரும் பாக்கல லா. எங்க இருந்து வந்தேன்னு மட்டும் பாக்கறாங்க. நீங்களும் அதைத்தான் பண்றீங்க.”

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை கைவிட்டுப் போகிறாளே என்று நான் வருத்தப்படும் நாள்கள் நிறைய உண்டு. தமிழ் எழுத வரவில்லை, தாத்தாவிடம் போனில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அன்று வருத்தம் வேறு மாதிரி. அவள் என்னை நினைத்து வெட்கப்பட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

4

கயல் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமா? அனுபவித்தவள்தானே.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது வகுப்பில் தமிழ் வழியில் படித்த பெண்கள் நான்கு பேர்தான். சொல்லிவைத்தாற்போல் கடைசி பெஞ்சு. பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். “அந்தத் தமிழ் மீடியம்” என்றுதான் பேச்சு. எங்களில் ஒருத்தி தேர்வில் தவறினால் நான்கு பேரும் தவறியதாக அர்த்தம். ஒருத்தி முதலாவது வந்தால் அது அவளுடைய அதிர்ஷ்டம்.

இரண்டாம் வருடம் ஆய்வகத்தில் ஒரு கருவி எரிந்து போனது. எங்கள் பெஞ்சுக்கு எதிரே இருந்த கருவி. ஆய்வக உதவியாளர் யோசிக்கவே இல்லை. நான்கு பேரும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றார். அது எரிந்த அன்று நான் அம்மை போட்டு வீட்டில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். திரும்பி வந்தவளிடம் காகிதத்தை நீட்டினார்கள். “சார், நான் அன்னிக்கு வரவே இல்ல” என்றேன். “அட்டெண்டன்ஸ்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்க பெஞ்சுதான?” என்றார்.

எழுதினேன். ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கும் கடிதம். கையெழுத்தும் போட்டேன். குட்டக் குட்டக் குனிந்தவள் நான். அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவள்தான் வசந்தி அக்காவைப் பார்த்து ‘சிஸ்டத்துல இருக்கே’ என்றேன். கயல் எழுந்து போன பிறகு கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தபோது இது எனக்கு உறைத்தது. தைப்பூசம், தண்ணீர்ப் பந்தல், மோர். அவர் அன்று வேலைக்கு வந்தாரா இல்லையா என்று பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். அதைப் பார்க்கும் உரிமையும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் நான் பார்க்கவில்லை.

5

மறுநாள் காலை முதல் வேலையாகப் பார்த்தேன். தைப்பூசத்தன்று அவர் விடுமுறையில்தான் இருந்தார். புகார்கள் வந்து சேரும் சேமிப்பில் அவர் எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒன்றே ஒன்றுதான் வந்தது: கையுறை. ஆனால் குணாவின் மேசைக்குப் போன மாத அறிக்கையில் பதினான்கு. சேமிப்பில் ஒன்றாக இருப்பது அறிக்கையில் எப்படிப் பதினான்காகும்?

இதைப் புரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ‘தொழிலாளி’ என்று ஒரு கிளாஸை ஒருமுறை எழுதி வைப்போம். அதை வார்ப்பாக வைத்து ஆளுக்கொரு ஆப்ஜெக்டை கணினி உருவாக்கிக்கொள்ளும். ஒரு அலுவலகத்தில் ஆளுக்கொரு அட்டை இருக்கிறது, சுவரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பலகை தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டைதான் ஆப்ஜெக்ட், பலகைதான் கிளாஸ். வசந்தியைப் பற்றி ஏதாவது கேட்டால் கணினி முதலில் வசந்தியின் அட்டையைப் பார்க்கும். அதில் இல்லாவிட்டால் சுவர்ப் பலகையைப் பார்த்துச் சொல்லிவிடும். பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்குத் தெரியாது. சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்பது போன்ற பொதுவான விஷயத்துக்கு இது நல்ல ஏற்பாடு. புகாருக்கு அல்ல.

ஓடுகிற நிரலை நடுவில் நிறுத்தி வைத்து, ஒரு ஆப்ஜெக்டைக் கூப்பிட்டு, உன்னிடம் சொந்தமாக என்னென்ன இருக்கிறது என்று கேட்க முடியும். ஒரு வரிக் கட்டளைதான். கேட்டேன். வசந்தியின் ஆப்ஜெக்டில் பெயர், எண், வேலைக்குச் சேர்ந்த நாள், மேசை எண் இருந்தன. புகார் என்று எதுவுமே இல்லை. பிறகு அதே கேள்வியைக் கிளாஸிடம் கேட்டேன். பதினான்கு புகாரும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. வரிசையின் முதல் ஆளான ஆயிஷாவின் புகார்ப் பட்டியலும் வசந்தியின் பட்டியலும் ஒன்றேதானா என்று கேட்டேன். ‘ஆம்’ என்றது. இருபத்திரண்டு பேரையும் கேட்டேன். எல்லோருக்கும் ஆம்.

யார் மேல் புகார் வந்தாலும் நிரல் அதைச் சுவர்ப் பலகையில் எழுதியிருக்கிறது. ஒருவருடைய அறிக்கை முடிந்து அடுத்தவருக்குப் போகும்போது பலகையை அழிக்கவில்லை. ஆங்கில அகரவரிசையில் பெயர்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு தாளாக அச்சடித்துக்கொண்டே போயிருக்கிறது. ஆயிஷாவுக்கு ஒன்றும் இல்லை. அஞ்சலைக்கு ஒன்று. சியூ லானுக்கு இரண்டு. ஃபரிதாவுக்கு நான்கு. சரோஜாவுக்கு ஒன்பது, சீத்திக்குப் பத்து, திலகாவுக்குப் பதினொன்று, உமாவுக்குப் பதின்மூன்று, வசந்திக்குப் பதினான்கு. படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. உண்மையில் அந்த மாதம் யார் மேலும் இரண்டு புகாருக்கு மேல் இல்லை.

தமிழ்ப் பெண்களின் பெயர்கள் ‘எஸ்’ஸிலும் ‘டி’யிலும் ‘யு’விலும் ‘வி’யிலும் தொடங்கியதுதான் அவர்கள் செய்த குற்றம். நடுவில் சீத்திக்கும் பத்து இருந்தது. அஞ்சலையும் நம்ம ஆள்தான், அவருக்கு ஒன்றுதான். குணா இந்த இரண்டையும் சொல்லவில்லை. மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். ‘நம்ம ஆளுங்களே அப்படித்தான்’ என்ற விளக்கம் கையில் தயாராக இருந்ததால் அவர் கண்ணுக்கு அவை படவில்லை. மூன்று வருடமாக ஓடும் நிரல் இது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். மூன்று வருடமாக இங்கே அதை மாதாமாதம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.

எழுதிய முட்டாள் யார் என்று பார்த்தேன். எழுதியவர் வேலையை விட்டு எப்போதோ சிங்கப்பூர் போய்விட்டார். ஆனால் எங்களிடம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. ஒப்புதல் தந்தவர் பெயரைப் பார்த்தேன். என் பெயர்.

ஒப்புதல் தந்த தேதியையும் பார்த்தேன். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பிய நாள். அன்று சாயங்காலம் எனக்கு விமானம். ஊருக்குப் போகிற நாளில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். மேசையில் தேங்கிக் கிடப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘ஒப்புதல்’, ‘ஒப்புதல்’ என்று அழுத்திவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவோம். அந்த நிரலைத் திறந்து ஒப்புதல் தர நான் எடுத்துக்கொண்ட நேரமும் பதிவாகியிருந்தது. இரண்டு நிமிடம்கூட இல்லை. மற்றவர்கள் மேல் பொங்கிக்கொண்டிருந்த கோபம் அந்த இடத்தில் திரும்பி என் மேல் விழுந்தது. விழட்டும், நியாயம்தான்.

6

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் குணாவும் என் மேலாளரும் இருந்தார்கள். வசந்தி அக்காவின் பதில் கடிதம் அதற்குள் போயிருந்தது. தன் கைப்பட மலாயில் எழுதியிருந்தார்: ஒன்று என்னுடையது, பதின்மூன்று என்னுடையது அல்ல. ‘ஒன்றை ஒப்புக்கொண்டுள்ளார்’ என்று யாரோ அதன் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்திருந்தார்கள்.

நான் பெரிய திரையில் நிரலை ஓடவிட்டு நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டுக் காட்டினேன். வசந்தியிடம் என்ன இருக்கிறது, கிளாஸிடம் என்ன இருக்கிறது, இரண்டு பேருடைய பட்டியலும் ஒன்றேதானா. படிக்கட்டையும் காட்டினேன். கடைசியாக ஒப்புதல் பக்கத்தைத் திறந்து என் பெயரையும் காட்டினேன்.

மேலாளர், “அந்தக் கடைசிப் பக்கம் வேண்டாமே, நமக்குள் இருக்கட்டும்” என்றார்.

குணா திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, “பக் தானே? சரி பண்ணிடுங்க. அடுத்த மாசத்துல இருந்து கரெக்டா வரும். வசந்திகிட்ட நான் வாயால சொல்லிடறேன், விஷயம் முடிஞ்சுது லா” என்றார்.

அப்போதுதான் கத்தினேன்.

“வாயால சொல்வீங்களா? குத்தம் சாட்டும்போது முத்திரை குத்துன கடிதம், இல்லைன்னு சொல்லும்போது வாயாலயா? அந்தப் பதிமூனும் அவங்க ஃபைல்ல இருக்கு. நாளைக்கு உங்க நாற்காலியில வேற ஒருத்தர் வருவாரு. அவரு ஃபைலத்தான் படிப்பாரு, உங்க வாயவா படிப்பாரு? எழுத்துல குடுங்க. தப்பு எங்களோடதுன்னு எழுதுங்க. என் பேரையும் போடுங்க!”

மேசையைத் தட்டியது இந்த இடத்தில்தான்.

“உங்க பாஸ் ரினியூவல் என் மேசையிலதான் இருக்கு மலர்” என்றார் குணா. மிரட்டலாகச் சொன்னாரா, பேச்சை மாற்றச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது.

“இருக்கட்டும். அத அங்கேயே வச்சுக்கிட்டு முதல்ல இந்தக் கடிதத்த எழுதுங்க” என்றேன். பயம்தான். அனுமதி போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும், கயலுக்கு இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாது. அது தெரிந்தேதான் சொன்னேன்.

மேலாளர் எழுந்து வெளியே போனார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். குணா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் இந்த வேலைக்கு வந்த நாள்ல இருந்து மீட்டிங்ல மத்தவங்க சொல்வாங்க, உங்க ஆளுங்க இப்படி, உங்க ஆளுங்க அப்படின்னு. அவங்க வாயால கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிக்கிட்டா வலி கம்மியா இருக்கும்னு பழகிட்டேன். பழகப் பழக அதையே நம்பிட்டேன் போல.”

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்தாலும் கடிதம் வேண்டுமே. உட்கார்ந்து எழுத வைத்தேன். நான்கு வரிகள். புகார்கள் கணினிப் பிழையால் சேர்ந்தவை, விளக்கக் கடிதம் திரும்பப் பெறப்படுகிறது, நிறுவனம் வருந்துகிறது. என் பெயரைப் போடவில்லை.

7

சாயங்காலம் வேனில் வசந்தி அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சந்தோஷப்படுவார், என் கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். என்னுடைய ஒப்புதலைப் பற்றியும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

“வரிசைல கடைசியா இருக்கறவங்க தலைலதான் எல்லாம் விழும். அப்படித்தான மலரு?”

“ஆமாக்கா.”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் கடைசி இல்ல. எனக்குப் பின்னாடி காக் லேஹா இருந்தாங்க. ஜலேஹா. ‘இசட்’ல தொடங்குற பேரு.”

ஜலேஹா அவருக்குப் பக்கத்து மேசை. பதினோரு வருடம் ஒரே இடத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒரு மாதம் இரண்டு பேருக்கும் பதினேழு பதினேழு புகார் வந்திருக்கிறது. குணா இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

“நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. அப்ப வேற யாரு? பக்கத்துல இருக்கறவங்க பண்றதுதான் எம்மேலயும் சேந்து விழுதுன்னு நெனச்சேன். குணாகிட்ட அப்படியே சொன்னேன். காக் லேஹா என்கிட்ட அழுதாங்க, சத்தியமா நான் பண்ணலன்னு. நான் நம்பல. சிஸ்டத்துல இருக்கேன்னு சொன்னேன்.”

அந்த மாதம் ஜலேஹாவிடம் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக மாதாமாதம் வசந்தி அக்கா பெயரில்தான் அதிகப் புகார். கைகாட்டப் பக்கத்தில் ஆள் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

மறுநாள் பிழையைத் திருத்திவிட்டு அந்தப் பழைய மாதத்தின் அறிக்கையை மறுபடியும் எடுத்தேன். ஜலேஹாவின் தாளில் புகார் பகுதி காலியாக இருந்தது. ஒன்றுகூட இல்லை. விலகிப் போனவர்களுக்குக் கடிதம் தர விதியில் இடமில்லை என்றார் குணா. சரி என்று அந்தத் தாளின் அடியில் நானே என் பெயரை எழுதி, பிழையான நிரலுக்கு ஒப்புதல் தந்தது நான்தான் என்று மலாயில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதற்கு அலுவலகம் என்னை என்ன செய்யுமோ, தெரியாது. என் அனுமதிக் கடிதம் இன்றுவரை வரவில்லை.

நேற்று, சனிக்கிழமை, இருவரும் போனோம். பட்டர்வொர்த்தில் ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளம். காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்றுவிட்டு மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார் ஜலேஹா. வசந்தி அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார், தேநீர் கலந்தார்.

வசந்தி அக்கா சொல்ல ஆரம்பித்தார். குணாவிடம் தான் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். நான் தாளைக் கொடுத்தேன். ஜலேஹா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார். காலியாக இருந்த பகுதியில் விரலை வைத்து, “கோசோங்?” என்று கேட்டார். ஒன்றும் இல்லையா என்று அர்த்தம்.

“கோசோங், காக்” என்றேன்.

அவர் அழவில்லை. மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“நான் பண்ணலன்னு முதல்ல சொன்னேன். யாரும் நம்பல. கொஞ்ச நாள்ல நானும் நம்பல. பொட்டலம் கட்டும்போது இலை கிழிஞ்சா, ஆமா, என் கை சரியில்லாத கைதான்னு நெனச்சுக்குவேன். போன வருஷம் என் மகளுக்கு அங்கேயே, சோதனை மேசையில வேலை கிடைச்சுது. நான்தான் போக வேண்டாம்னு தடுத்தேன். நம்ம குடும்பத்துக் கை அந்த வேலைக்கு ஆகாது, நீயும் என்னைய மாதிரி அவமானப்பட்டு வெளிய வருவன்னு சொன்னேன். இப்ப போன் கடையில நிக்கறா.”

வசந்தி அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மகள்கிட்ட சொல்லிடுங்க காக். உங்க கைல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிடுங்க” என்றார்.

“நான் சொன்னா நம்ப மாட்டா. ரெண்டு வருஷமா நானே சொல்லிச் சொல்லி நம்ப வச்சிருக்கேன்.” அவர் தாளை என்னிடம் திருப்பி நீட்டினார். “நீங்களே சொல்லுங்க. அவளுக்கு நாலு மணிக்குத்தான் வேலை முடியும்.”

மணி அப்போது ஒன்றரை. நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.